செல்வி பெயர் எந்தப் பட்டியலில்

செவ்வாய்க்கிழமை.

எங்கள் காளான் பயிற்சித் திட்டத்துக்கு இரண்டாம் வருடமும் மானியம் கிடைத்துவிட்டது. ஆனால் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அதுவல்ல, செல்விதான்.

எங்களிடம் பயிற்சி பெற்றுக் காளான் வளர்ப்பவள். மானியக் குழுவினர் முன்னால் பேசுவதற்காக மதுராந்தகம் பக்கமிருந்து அவளை ஆழ்வார்பேட்டைக்கு வரவழைத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஆட்டோவிலேயே பாடம் நடத்தினேன். அதில் ஒரு வரிகூட அவள் சொல்லவில்லை.

"பயிற்சியில என்னம்மா கத்துக்கிட்டீங்க?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"காளான் வளக்க வைக்கோல் எவ்ளோ ஈரமா இருக்கணும்னு புக்குல நம்பர் போட்டிருக்குது சார். அத அளக்க எங்கூர்ல மிஷின் ஏது? கையில புடிச்சிப் பிழியணும். கை நனையணும், தண்ணி சொட்டக்கூடாது. பக்கத்து ஊர்ல ஆறு பொண்ணுங்களுக்கு அப்டித்தான் கத்துக்குடுத்துக்கினு கீறேன்."

ஆறு பேரா! மாதாமாதம் அவள் வீட்டுக்குப் போகிறவள் நான். எனக்கே தெரியாது.

தலைவர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "உங்க பேரு பயிற்சி பெறுவோர் பட்டியல்லதானே இருக்கு?"

செல்வி என் பக்கம் திரும்பினாள். "பேனா குடுங்கக்கா."

அங்கேயே தன் பெயரை அடித்துவிட்டு, பயிற்சி தருவோர் பட்டியலில் எழுதினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எழுந்து கைதட்டலாம் போலவும் இருந்தது.

நாளை விண்ணப்பத்தைத் திருத்தி டைப் செய்து அனுப்ப வேண்டும். பட்டியலில் கீழே நிறைய இடம் இருந்தது. ஆனாலும் என் பெயருக்கு மேலேதான் எழுதியிருக்கிறாள்.

அப்படியேதான் அனுப்பப்போகிறேன்.