தொழுகைக்குக் கட்டிய குழாய்

5 ஜூன் 1962, செவ்வாய்

நாளை என்னைக் கட்டிய மச்சானுக்கு ஆப்பரேஷன். பருத்திக்கொட்டை மூட்டையை ஒற்றை ஆளாய்ப் புரட்டுகிறவர், மூத்திரப்பைக் கல்லுக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சுருண்டு படுக்கிறார். கத்தி கிடையாதாம். விளக்கு வைத்த குழலை மூத்திரத் துவாரம் வழியே விட்டு, பார்த்துப் பார்த்துக் கல்லை நொறுக்கி எடுப்பார்களாம். டாக்டர் சுந்தரபாண்டிக்கு மீசையே இப்போதுதான் முளைத்திருக்கிறது. அல்லாதான் காப்பாற்றணும்.

6 ஜூன்

கல் வந்துவிட்டது. ஆனால் நொறுக்கும்போது பையில் கொஞ்சம் கிழிந்துவிட்டதாம். டாக்டரே வந்து சொன்னார், முகத்தில் ரத்தமில்லை. ரப்பர் குழாய் போட்டிருக்கிறது. மூத்திரம் தேங்காமல் வடிந்தால் கிழிசல் தானே மூடிவிடும், குழாயை யாரும் தொடக்கூடாது என்றார்.

8 ஜூன், வெள்ளி

வீட்டுக்குப் போய்க் கஞ்சி எடுத்துவந்தேன். மச்சான் தொப்பியோடு தூங்குகிறார். குழாயை மடக்கி நூலால் கட்டியிருக்கிறது! வயிறு உப்பிக் கிடந்தது. பதறி அவிழ்த்தேன், மச்சான் முழித்துக்கொண்டார்.

"சொட்டிக்கிட்டே இருந்தா கைகால் கழுவிச் செஞ்ச ஒளு எப்படிட்டி நிக்கும்? ஜும்மா நேரம். தொழுதுட்டு அவுப்போம்னு இருந்தேன், கண்ணசந்துட்டு. யாரிட்டயும் சொல்லாத. தொழுததாலதான் வயிறு உப்பிச்சும்பாவ."

சொல்லவில்லை.

9 ஜூன்

குளிர்காய்ச்சல். வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் மூத்திரமாம்.

11 ஜூன்

மச்சான் போயிட்டாவ.

2 ஜூலை

ஓத வந்த பள்ளிவாசல் லெப்பையிடம், யாருக்கோ கேட்பதுபோல் திரைக்குள்ளிருந்து கேட்டேன். "நோயாளி சொட்டச் சொட்டத் தொழலாம்மா. ஒவ்வொரு வக்து தொழுகைக்கும் ஒளு செஞ்சா போதும், அல்லா ஏத்துக்கிடுவான்" என்றார். ஏன் மச்சான், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கண்ணை மூடினால் அந்த நூல்தான்.

20 ஜூலை

டாக்டர் வீடு தேடி வந்தார். கொழுந்தன் அப்துல் ரவூப் கொலைகாரன் என்று கத்தினார், மனுப் போட்டு வேலையைத் தொலைக்கிறேன் என்றார். டாக்டர் மறுக்கவே இல்லை, என் கைதான் கிழித்தது என்று நின்றார். புருஷன் போன துக்கத்துக்கு இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆணிடம் பேசலாமா என்று பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான், மன்னிச்சிடுங்க. மனுப் பேச்சை விட்டுக் கொழுந்தன் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர், "குழாயோட எப்படித் தொழுவாவன்னு நான் கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

14 நவம்பர்

அடுத்த வீட்டு நபீசாவின் அண்ணன் செய்யது அலிக்கும் கல்லாம். அதே டாக்டர், அதே குழல். ஆப்பரேஷனுக்கு முன்னே டாக்டர் லெப்பையை வரவழைத்து, குழாயோடு தொழலாம் என்று கட்டில் பக்கத்தில் நின்று சொல்ல வைத்தாராம். இன்று செய்யது அலி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். நபீசா சீனி கொண்டுவந்து வாயில் போட்டாள். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.