மாரிச்செல்வியின் முதல் பெஞ்சு

எப்போதும்வென்றான்
ஐப்பசி 9

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நல்ல சுகம், பாங்காக்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். புரட்டாசியில் விதைத்த உளுந்து நன்றாக முளைத்து நிற்கிறது, மக்காச்சோளத்தைத்தான் காட்டுப்பன்றி விட்டுவைக்குமா தெரியவில்லை.

சொல்ல வந்தது மாரிச்செல்வி விஷயம். பக்கத்துக் காட்டுக்காரர் சோலைச்சாமி மகள், காது கேளாத பிள்ளை, பிளஸ் ஒன் படிக்கிறாளே, அவள்தான். அங்கே நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் செய்திருப்பதுபோலவே, டீச்சர் பேசப் பேச எழுத்தாகத் தெரிகிற மாதிரி நீ லீவில் வந்தபோது அவளுக்கும் போனில் செய்துகொடுத்தாய். ஆனால் வகுப்பில் போன் கூடாது என்று தலைமையாசிரியர் கோபாலசாமி சொல்லிவிட்டார். அவள் ஒரு வாரம் பள்ளிக்கே போகவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காவது போகட்டும் என்று சோலைச்சாமி பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு போய், சார் நீங்க பேசுங்க, பிள்ளை என்ன செய்யுதுன்னு பாருங்க என்றேன். அவர், அண்ணாச்சி வெயில்ல எதுக்கு வாரீய, இங்கன உக்காருங்க என்றார். போன் அந்த ‘வாரீய’வை ‘வாரியம்’ என்று எழுதிவைத்தது. மாரிச்செல்வி சிரித்துவிட்டாள், எட்டிப் பார்த்த அவரும் சிரித்தார். அப்புறம் மேடையில் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டார், அது போனில் பிசகாமல் எழுத்தாக விழுந்தது. அவள் நோட்டில் விடை எழுதி நீட்டினாள். ரெண்டு தரம் படித்தார். இத்தனை நாளும் இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்னே எனக்குத் தெரியாமப் போச்சே அண்ணாச்சி என்றவர் குரல் இறங்கிவிட்டது. மறுநாளே அவளுக்கு முதல் பெஞ்சு, அவள் பார்க்கிற மாதிரி போன் டீச்சர் மேசைமேல், டீச்சர்களும் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள். இப்பத்தான் பாடம் தெளிவா விளங்குதுன்னு மத்த பிள்ளைகளும் சொல்லுது என்று ராமலட்சுமி டீச்சர் உன் அம்மாவிடம் சொன்னாளாம். சோலைச்சாமி ஆபீஸ் பேச்சை விட்டுவிட்டார்.

என்ஜினியர் வேலையை விட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போனாய் என்று ஒரு வருஷம் உன்னிடம் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அது என் தப்பு தாயி. போனில் சொல்ல வாய் வரவில்லை.

கழுகுமலை முருகன் துணையிருப்பான், நோய்நொடி அண்டாமல் மனசுபோல வாழ்வாய். அந்தப் போனில் சார்ஜ் ரெண்டு பீரியடுக்குமேல் நிற்கவில்லையாம், என்ன செய்யலாம் என்று மறக்காமல் சொல்.

உன் அப்பா
முத்துகிருஷ்ணன்