திரும்பி வராத சட்டைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? என் இருமல் போய்விட்டதென்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நம் நாட்டுக் கால்பந்து அணியின் ஆட்டத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். உலகச் சாம்பியனோடு டிரா! முடிந்ததும் சலவைக் கூடையைத் திறந்தால், நம் அணிச் சட்டை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் எதிரணியுடையவை. கூடை மாறிவிட்டது, அணிக்குத் துணி துவைக்கும் நம் வேலை போச்சு என்று கேப்டனிடம் ஓடினேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாறல அண்ணே, ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு அணியும் சட்டைய மாத்திக்கிட்டோம். போன வருஷம் நாங்க சட்டை கேட்டப்போ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவங்க, இன்னிக்கு அவங்களே வந்து கேட்டாங்க."

உலகக் கோப்பையை வாங்கினால்தான் கால்பந்தில் வல்லரசு என்பீர்களே, இல்லையப்பா. முதலில் பெரிய அணிக்காரன் நம் வியர்வைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போக வேண்டும். கோப்பை அதன் பின்னாலேயே வரும். இந்த வாதத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

என் சட்டை ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பதிலுக்கு உங்களுடையது ஒன்று வேண்டும். அம்மா அதைத் துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துவைத்த சட்டைகள் இங்கே நிறைய இருக்கின்றன.

மெஷின் நின்றுவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்