பொன்முடி இறக்கத்தில் சாவியை அணைக்கிறாள் உங்கள் மகள்

கோபமும் தீராத, அன்பும் தீராத என் அண்ணனுக்கு,

உங்கள் வெள்ளைக் கார் இன்னும் ஓடுகிறது. ஓடுகிறது என்பதுதான் இப்போது என் பயம். அதை எனக்குத் தருவதாக மதினி முன்னால் சொன்னீர்கள். கடைசியில், கண்ணை மூடும் முன், மகள் கோமுவுக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஆரியசாலை மிளகாய்க் கடையை நீங்கள் வைத்துக்கொண்டு, தம்பிக்குப் படிப்பைக் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னீர்களே, அதைப் போலத்தான் இதுவும். நான் எதையும் மறக்கவில்லை. ஆனால் இன்று எழுதுவது அதற்காக இல்லை.

கோமு அந்தக் காருக்கு டர்போ வைத்துவிட்டாள். வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். காற்றுக்கேற்பப் பெட்ரோலும் கூடும், இழுவையும் கூடும். பெரிய கார் வாங்க வழியில்லாதவர்களின் ஆசை அது. உடைத்துப் போட்ட ஒரு டீசல் காரிலிருந்து டர்போவைக் கழற்றி வாங்கி வந்தாள். கழக்கூட்டத்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முடித்து வந்ததும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயில் பழைய வால்வு சரியில்லை என்று, புதிதாக ஒன்றை மீன்தொட்டிக் கடையில் வாங்கி மாட்டினாள்.

“மீன்தொட்டிக் கடையிலயா?”

“காத்து ஒரு பக்கமா மட்டும் போணும், அவ்வளவுதானே சித்தப்பா? மீனுக்குப் போதும்னா நமக்கும் போதும். பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல.”

“ஒங்க சித்தப்பாவுக்கு சைக்கிள்ல ஏறினாலே பேடிதான்” என்றார் மதினி உள்ளேயிருந்து. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கிண்டல். நீங்கள்தானே தொடங்கிவைத்தீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குக் கிளம்பினாள். தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் இடது சீட்டில் ஏறிக்கொண்டேன். நாம் எல்லோரும் இட்லிப் பாத்திரமுமாக ஏறும்போது மூச்சிரைத்து நிற்குமே, அதே கார், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் ஏறியது. “அடிபொளி!” என்று குதூகலத்தில் கத்தினாள். எனக்கோ எஞ்சினுக்குள் கடுகு வெடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. சொன்னதும் காலைச் சற்றே எடுத்தாள். சத்தம் நின்றது. என் நெஞ்சுக்குள் நிற்கவில்லை.

இறங்கும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியை அணைத்தாள்.

“என்ன செய்யுத கோமு?”

“பெட்ரோல் மிச்சம் சித்தப்பா. அப்பா கீழ வித்துரா வரைக்கும் இப்படித்தானே வருவாங்க?”

முதல் வளைவைத் தாண்டினோம். இரண்டாவதில் அவள் மிதித்த பிரேக் கல்லாக நின்றது. எஞ்சின் அணைந்த பிறகும் பிரேக்குக்கான உறிஞ்சுவிசையைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்க வேண்டியது அந்த வால்வு. மீன்தொட்டிப் பிளாஸ்டிக், ஏற்றத்தின் சூட்டிலேயே விரிசல் விட்டிருந்தது. அவள் இரண்டு காலாலும் மிதித்தாள். வண்டி கேட்கவில்லை. நான் கைபிரேக்கை இழுத்தேன். பின்சக்கரங்கள் கிறீச்சிட்டு, கார் மலைப்பக்கத்து ஓடையில் இறங்கி நின்றது. மறுபக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

வெகுநேரம் அவள் கை ஸ்டியரிங்கை விடவில்லை. பிறகு, “வால்வுதான் சித்தப்பா. நல்லதா ஒண்ணு போட்டு வர்ற ஞாயிறு மறுபடி பாக்கலாம்” என்றாள்.

“வால்வு மட்டுமில்ல. சாவிய அணைக்கவே கூடாது.”

“அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலயே? எதுன்னாலும் அப்பாவையே குத்தம் சொல்லுங்க!”

காலமெல்லாம் உங்களைக் குறைசொன்னவன் இன்று ஓர் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அண்ணே, நீங்கள் ஓட்டிய நாட்களில் அவள் பின்சீட்டில், ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை. நீங்கள் சாவியை அணைத்துவிட்டுச் சிரிப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். உங்கள் இடது கையைப் பார்த்தவன் நான். வித்துரா வரும்வரை அது கைபிரேக்கை விட்டு எழுந்ததே இல்லை. விரல் முட்டிகள் வெளுத்திருக்கும். போன ஞாயிறு என் கை தானாக அங்கே போனது எப்படி என்று நினைக்கிறீர்கள்?

ஏன் அவளிடம் சொல்லாமல் போனீர்கள்? என் முன்னால் பயத்தை ஒத்துக்கொள்ளக் கூடாது என்றா?

வாசலில் வண்டியை முடுக்கிப் பார்க்கிறாள். அவள் போகாமல் இருக்க மாட்டாள், உங்கள் பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறுவதற்கு முன், மதினி காதிலும் விழும்படி சொல்லப்போகிறேன்: “ஒங்க அப்பா பயந்தாரு கோமு. இறங்கும்போதெல்லாம் பயந்துக்கிட்டேதான் வந்தாரு.” கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. சாவி அணையாமல்தான் உங்கள் மகள் வித்துரா வந்து சேருவாள். இது சத்தியம்.

இன்னும் இடது சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்
உங்கள் தம்பி