சர்வரை அணைக்க விடாத நாள்

9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. இடது தோள் முழுக்க ஈரம். ராஜபாளையம் ஆஸ்பத்திரி போய்ச் சேர 8.40.

டயாலிசிஸ் பிரிவு வாசலிலேயே நர்ஸ் செல்வி. "அக்கா, பழசு எல்லாம் தெரியுது. புதுசா எதை அடிச்சாலும் சேவ் ஆக மாட்டேங்கு."

சர்வரின் லாக்கை, நடப்பதையெல்லாம் அது எழுதிவைக்கும் பதிவேட்டை, திறந்தேன். வரிசையாக டிஸ்க் எரர். சர்வரில் ஓடும் லினக்ஸுக்கு உயிரே கெர்னல்தான். டிஸ்க் சாகக் கிடப்பது தெரிந்ததும், இனி யாரும் எழுதக் கூடாது, படிக்க மட்டும்தான் என்று அது பூட்டிவிட்டது. நல்ல வேலை செய்திருக்கிறது.

பேக்கப்? மூன்று வாரமாக நின்றுபோயிருக்கிறது. கவனிக்காதது நான். மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

நிர்வாகம் பார்க்கும் சுப்பையா சார் வந்தார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா. செத்த நேரத்துல சரியாயிரும்."

"வேண்டாம் சார். அணைச்சா திரும்ப எந்திரிக்காது. மொதல்ல எல்லாத்தையும் வேற மிஷினுக்கு எடுத்துருதேன்."

"எம்புட்டு நேரம்?"

"மூணு மணி நேரம்."

"வெளிய அம்புட்டுப் பேரு உக்காந்திருக்காவ! நீ டைப் அடிக்க வந்த பிள்ளை. இதெல்லாம் மதுரை இன்ஜினியர் பாத்துக்கிடுவாரு."

அவர் கை பட்டனுக்குப் போனது. குறுக்கே நின்றேன். பதினோரு வருட வேலையில் முதல் தடவை. நகரவில்லை.

"யாருக்கு உடம்புலேருந்து எவ்வளவு தண்ணி எடுக்கணும், யாருக்கு எந்த மிஷின், எல்லாம் இதுக்குள்ளதான் சார். காகிதத்துல ஒண்ணும் கெடையாது."

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். இருவரையும் பார்த்தார். "நூர்ஜஹான் சொல்றபடியே செய்ங்க."

செய்தவை:
– சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றியது
– நோயாளி விவரம் முதலில், மற்றது பிறகு
– காப்பி ஓடும்போதே, காத்திருந்தவர்கள் விவரத்தைத் திரையில் பார்த்து நான் வாசிக்க, செல்வி தாளில் எழுதினாள். ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

12.10. முடிந்தது. ஃபைல் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்று. மூன்று தரம் சரிபார்த்தேன்.

பிறகுதான் பழையதை அணைத்து ஆன் செய்தேன். கருப்புத் திரை. உள்ளே டிஸ்க்கே இல்லை என்கிறது. டக், டக் என்று சத்தம் மட்டும். சு. சார் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிபன் பாக்ஸைத் திறந்தது திரும்பும் பஸ்ஸில்தான். எலுமிச்சைச் சோறு. அவ்வளவு ருசி.

10, செவ்வாய்

வெயில். புதிய சர்வர் தடங்கலின்றி ஓடுகிறது. பேக்கப் நின்றால் என் செல்லுக்கே தகவல் வரும்படி செய்தாயிற்று. மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்க இன்றும் போகவில்லை.

வத்திராயிருப்பிலிருந்து வாரம் இருமுறை வரும் பெரியவர், படுக்கையிலிருந்தே கூப்பிட்டார். "நேத்து நீ மல்லுக்கட்டுனியாமே தாயீ. எங்களுக்காகத்தான்னு செல்வி சொல்லுச்சு."

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

11, புதன்

மதுரை இன்ஜினியர் வந்தார். லாக்கை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"ரீஸ்டார்ட் போடக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சார்."

"நானா இருந்தா அவசரத்துல போட்டிருப்பேன்மா."

சு. சார் பக்கத்தில்தான் நின்றார். கேட்டார். நன்றாகவே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

12, வியாழன்

விடுப்பு. மிக்ஸி கொடுத்தாயிற்று.

காலையில் வீட்டுக்காரரிடம் விளக்கினேன்: லினக்ஸில் எதையும் திறக்க, மாற்ற, அழிக்க அதிகாரம் உள்ளவர் பெயர் ரூட். ஆஸ்பத்திரி சர்வரில் அது நான். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மதியம் இவருடைய டயர் கடைக்குச் சோறு கொண்டுபோனேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஒருவரிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார்: "ராஜபாளையத்துல எங்க வீட்டம்மாதான் ரூட்டு."

"கண்டக்டராவா இருக்காவ? எந்த ரூட்டு பாய்?"

இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லா ரூட்டும்."