தனியாகச் சாப்பிடாதே, பெனினா

சவாயி தீவு,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து.

என் அன்பு மகள் பெனினாவுக்கு அம்மா எழுதுவது. தேவ கிருபையில் நாங்கள் சுகம், அந்த ஆக்லாந்துக் குளிரில் நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் எங்கள் கவலையெல்லாம். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் சீமைப்பலா பறிக்க மரமேறுகிறார். நம் பெரிய பன்றி போதகர் வீட்டுச் சேம்புத் தோட்டத்தில் புகுந்துவிட்டது, இன்றைய பிரசங்கம் முழுக்க அயலானின் தோட்டத்தைப் பற்றித்தான், அப்பா தலையே தூக்கவில்லை.

போன வாரம் போனில் நீ சொன்னது என் மனதை அரிக்கிறது. உன் புருஷன் பழம் பறிக்கும் வேலைக்கு ஆஸ்திரேலியா போய்விட்டான், வேலை விட்டு வந்து அடுப்படியில் நின்றபடியே தனியாகச் சாப்பிடுகிறேன் என்றாய். பிள்ளைத்தாய்ச்சி தனியாகச் சாப்பிட்டால் எதிரில் பேய் வந்து உட்காரும், கூடாது என்றேன். “பழைய கதைம்மா” என்று சிரித்தாய். சிரி மகளே, ஆனால் என் தங்கை லோசாவுக்கு நடந்ததை உனக்கு யாரும் சொன்னதில்லை. அவள் மகன் தாவிதாதான் தலைப்பிள்ளை என்று நினைத்திருக்கிறாய். அவனுக்கு முன்னால் ஒருவன் இருந்தான்.

அவனைச் சுமந்தபோது லோசாவுக்குப் பேய்க்கணவாய் மேல் அப்படியொரு ஆசை. எட்டுக் கையும் பிள்ளையைச் சுற்றிக்கொள்ளும் என்று மாமியார் கண்ணிலேயே காட்டவில்லை. ஒருநாள் அந்தியில் ஜெப மணி அடித்து ஊரே வீட்டுக்குள் அடங்கிய நேரம், இவள் சமையல் குடிசைக்குப் பின்னால் போய், தேங்காய்ப்பாலில் வெந்ததை இலையில் வைத்துக்கொண்டு தனியாகத் தின்றிருக்கிறாள். “மூணு வாய்தான் அக்கா, எதுத்தாப்ல யாரோ உக்காந்து மெல்லுற சத்தம் கேட்டுச்சு, போட்டுட்டு ஓடியாந்துட்டேன்” என்று என்னிடம் அழுதாள். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த தடத்தை நான் பார்த்தேன். கொடி சுற்றியது, யார் மேலும் குற்றமில்லை என்றார் நர்ஸம்மா. மாமியாரோ ஊர் கேட்க, “திருட்டு வாய் தின்னுச்சு, என் பேரனைக் கொடுத்துட்டு வந்துச்சு” என்றாள். அதற்குப் பிறகு லோசா யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை.

மறுபடி வயிற்றில் தரித்தபோது அவள் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். எந்த இலையை வைத்தாலும் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், வாய் திறக்காது. கன்னம் ஒட்டிப்போனது. உங்களையெல்லாம் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் பஸ் ஏறிப் போய் அவளோடு தங்கினேன், வேளை தவறாமல் கூட உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் ஒரு வாய் வைத்தால் அவளும் ஒரு வாய் வைப்பாள். ஒரு நாள் சாயங்காலம், “கொஞ்சம் நகர்ந்து உக்காருக்கா, இடம் வேணும்” என்றாள். யாருக்கடி என்றேன். “மூத்தவனுக்குத்தான். பசியோடதானேக்கா போனான்” என்றாள், ஏதோ தண்ணீர் கேட்பதுபோல. நான் நகர்ந்தேன். என்ன செய்யச் சொல்கிறாய்? வெறும் பாய்தான், ஆனால் என் தொடைப் பக்கம் கதகதப்பாக இருந்தது. இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்று லோசா இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. தாவிதா பிறந்து போட்ட கத்தல் ரோடு வரைக்கும் கேட்டது.

பேயோ பிள்ளையோ எனக்குத் தெரியாது மகளே. அந்தத் தடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. லோசா அன்று ஒளிந்து தின்ன வேண்டியிருந்ததே, அது மட்டும் தெரியும். உன் சமாச்சாரத்தை அவளிடம் சொன்னேன். “ஐயோ, அந்தப் பிள்ளை நின்னுக்கிட்டா திங்குது? டிக்கெட் போடச் சொல்லுக்கா” என்றாள். நாளை அங்கே விமானம் ஏறுகிறவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை லோசா வருகிறாள், விமான நிலையத்துக்குப் போ. அவளுக்குக் குளிர் பழக்கமில்லை, உன் தடித்த கோட்டை எடுத்துக்கொண்டு போ.

கர்த்தர் உன்னையும் உன் கர்ப்பத்தின் கனியையும் தம் செட்டைகளின் கீழ் காப்பாராக. புதன் வரைக்கும் கீழ்வீட்டு டோங்கா நாட்டு அம்மாவைச் சாப்பிடக் கூப்பிடு, கறி போதாது என்று வெட்கப்படாதே. உட்கார்ந்து சாப்பிடு.

உன் அம்மா,
ஃபுவாதினோ