இரண்டு வீட்டுக்கு ஒரு ஏரியல்

அக்கா,

இன்று காலை நம் ஏரியலைக் கீழே இறக்கினார்கள். ஏரியல் மாட்டும் சேகர் வந்திருந்தார். இரும்புக் குழாயின் அடி ஆணிகளைக் கழற்றி, மெல்லச் சாய்த்து, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே சிமெண்டுத் தரையில் கிடத்தினார். ஈரத் துருவும் காய்ந்த பறவை எச்சமும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. மழை நாளில் நீங்கள் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் என் அடுப்படி வரைக்கும் வரும் அதே வாடை. கொஞ்ச நேரம் நீங்கள் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சேகர், சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநாளாகக் கேட்க நினைத்ததை அவரிடம் கேட்டேன்.

"தம்பி, அடாப்டர்ல கரண்ட் இல்லன்னா இதுல படம் வருமா?"

"வராதுக்கா. கரண்ட் இல்லாத பூஸ்டர் சாத்துன கதவு மாதிரி. மேல வர்ற சிக்னலயும் கீழ விடாது."

"கொஞ்சங்கூட?"

"ஒரு சானல்கூட வராது. ஏங்க்கா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்து லய வீடுகளை இடித்த பிறகு, இந்தத் தாமான் குடியிருப்பில் நமக்கு ஒட்டினாற்போல் வீடு கிடைத்தது. நடுவில் ஒரே சுவர். செம்பனைக்கு உரம் போட்டுப் போட்டு இடுப்பு விட்டுப்போன நீங்கள் அந்தப் பக்கம். கையுறை பெக்டரியில் நின்றே கால் வீங்கிய நான் இந்தப் பக்கம். உங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகன் வேலைக்காக ராவாங் ஊரில். நீங்கள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் பாத்திரத்தைக் கீழே போட்டால் "என்னா புள்ள ஒடச்ச?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கும்.

பழைய ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற்றியபோது நாம் இருவரும் திண்டாடினோம். முன்பெல்லாம் படத்தில் பூச்சி பறந்தாலும் முகம் தெரியும், பேச்சு கேட்கும். டிஜிட்டல் அப்படி இல்லை. வந்தால் முழுசாக வரும். சிக்னல் கொஞ்சம் குறைந்தாலும் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் பாதி திறந்தபடி ஆள் உறைந்துபோய், பிறகு ஒரே கறுப்பு. அந்த உறைந்த முகங்கள் உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "செத்த மூஞ்சி மாதிரி இருக்கு, ஆஃப் பண்ணு" என்பீர்கள்.

முதலில் ஜன்னலில் ஒட்டும் தட்டை ஏரியல் ஒன்று வாங்கினோம். நான் பக்கத்தில் நின்றால் மட்டும் படம் வந்தது. "நீ அப்படியே நில்லு புள்ள, நான் செய்தி பாத்து முடிச்சிர்றேன்" என்று நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம்தான் தஞ்சோங் காராங் டவுன் கடைக்குப் போனோம். பெரிய பெட்டி ஒன்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. பூஸ்டரும் அதிலேயே இருந்தது. எனக்கு அதுதான் வேண்டும் என்று பட்டது. நீங்கள் மூலையில் கிடந்த நீளமான சாதாரண ஏரியலைக் காட்டினீர்கள்.

"இது போதும் புள்ள. செம்பனைக்கு மேல ஏத்தி, கோபுரம் இருக்கற மலைப் பக்கம் திருப்பிட்டா வந்துரும். அவன் போட்ட கிலோமீட்டர நம்பாத லா."

"இது பழைய மாடல்க்கா. அதுல பவர் இருக்கு."

நான் பிடிவாதமாக நின்றேன். நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள். குழாய் உங்கள் ஜன்னலோரம் வந்ததால் பூஸ்டருக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரை உங்கள் ஹாலில் மாட்டினார்கள். அங்கிருந்து சுவரில் துளை போட்டு எனக்கும் ஒரு ஒயர் வந்தது. அன்று உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால், உங்கள் வீட்டுச் சுவிட்சுக்கும் என் வீட்டுப் படத்துக்கும் தொடர்பே இருந்திருக்காது.

நீங்கள் சாயங்காலம் ஏழு மணிக்குச் சுவிட்சைப் போடுவீர்கள், பத்து மணிக்கு நிறுத்துவீர்கள். எப்போதாவது மறந்தால் நான் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவேன். நீங்கள் போட்டுவிட்டு ஒரு தட்டுத் தட்டுவீர்கள். உடனே படம் வரும்.

அந்த நாளைச் சொல்கிறேன்.

அன்று எனக்கு வேலை இல்லை. காலையில் நீங்கள் துணி காயப்போட்டதைப் பார்த்தேன். நாலு மணிக்குத் தூறல் விழுந்தது. என் துணியை எடுக்க ஓடினேன். உங்கள் கைலியும் இரண்டு சட்டையும் கொடியில் நனைந்துகொண்டிருந்தன. தூங்குகிறீர்கள் போல என்று நினைத்தேன். எட்டிப் பத்தடி வைத்தால் உங்கள் வாசல். நான் போகவில்லை. எதற்காகப் போகவில்லை என்று யோசித்தால் ஒரு காரணமும் இல்லை.

ஏழு மணிக்கு டிவியைப் போட்டேன். சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. பத்து நிமிடம் பொறுத்தேன். எரிச்சலாக இருந்தது. சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

ஒரு தட்டு வந்தது.

கொஞ்சம் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வந்தது போல் இருந்தது. சத்தமும் வழக்கமான விரல் கணுச் சத்தம் இல்லை. உள்ளங்கையால் மெல்ல அடித்தது போல. அடுத்த நொடி படம் வந்துவிட்டது. "வந்துருச்சுக்கா!" என்று கத்திவிட்டு உட்கார்ந்து நாடகம் பார்த்தேன். நன்றாகத்தான் சிரித்தேன்.

மறுநாள் காலையிலும் துணி கொடியிலேயே கிடந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. வாசல் கிரில் கதவு உள்ளே பூட்டியிருந்தது. எதிர்வீட்டு முனியாண்டி அண்ணன் வந்துதான் பூட்டை உடைத்தார். அடுப்படியில் கிடந்தீர்கள். பக்கத்தில் கழுவிய அரிசி, தண்ணீரோடு, அடுப்பில் ஏறாமல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன் அக்கா. அந்தக் குளிர்ச்சி என் விரலை விட்டு ரொம்ப நாள் போகவில்லை. ஹாலில் அடாப்டரின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் மத்தியானத்துக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இதயம் நின்றுவிட்டதாம். மத்தியானத்துக்கு முன்பே. நான் திரும்பவும் கேட்டேன். டாக்டரும் திரும்பச் சொன்னார்.

மகனிடம் மட்டும் சொன்னேன்.

"ம்மா, பெரியம்மா முதல் நாளே சுவிட்ச ஆஃப் பண்ண மறந்திருப்பாங்க. சிக்னல் அப்பப்போ போயிட்டு வரும் லா. தட்டுனது எலியா இருக்கும்."

"ஆமாப்பா, எலிதான்" என்றேன். அவன் நிம்மதியாக இருக்கட்டும்.

காரியம் முடிந்து உங்கள் தங்கச்சி மகன் மெயின் சுவிட்சை இறக்கினான். ஐஸ்பெட்டியைத் துடைத்துத் திறந்து வைத்தான். ஜன்னல் திரையைக்கூடக் கழற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனான். மீட்டர் நின்றிருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். இனி படம் வராது என்று தெரியும். பழக்கத்தில் ஏழு மணிக்கு டிவியைப் போட்டேன்.

படம் வந்தது.

வெளியே போய் உங்கள் ஜன்னல் வழியே பார்த்தேன். உள்ளே ஒரே இருட்டு. பச்சை விளக்கு இல்லை. திரும்பி வந்தேன். செய்தி வாசிக்கிறவர் ஒரு கட்டம்கூட உடையாமல் வாசித்துக்கொண்டிருந்தார். டிவியோடு சேர்த்த டிகோடர் பெட்டியில் சிக்னல் அளவு பார்க்கும் இடத்தைத் திறந்தேன். நீங்கள் இருந்தபோது தரம் ஒருநாளும் பாதியைத் தாண்டியதில்லை. அன்று கோடு கடைசிவரை நிறைந்திருந்தது.

முதல் இரண்டு நாள் பயத்தில் உடனே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் நிறுத்தவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். பகலில் போட்டால் ஒன்றும் வராது. ஏழு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போகும். நீங்கள் எனக்காகத்தான் போடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது. அது பயத்தைவிட மோசமாக இருந்தது. கீழே விழுந்து கிடந்த நீங்கள் தவழ்ந்து வந்து எனக்கு நாடகம் பார்க்கச் சுவிட்சைப் போட்டீர்களா? நான் கதவைத் தட்டவேண்டிய நேரத்தில் சுவரைத் தட்டினேன்.

ஒரு நாள் ஏழே காலுக்குச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்தேன். சுவர் சில்லென்று இருந்தது.

"போதும்க்கா. நான் வந்திருக்கணும். நாலு மணிக்கே வந்திருக்கணும். நீங்க போங்க."

பின்னால் பேசிக்கொண்டிருந்த குரல் வார்த்தையின் நடுவில் நின்றது. திரும்பிப் பார்த்தபோது திரை கறுப்பாக இருந்தது. அதன் பிறகு ஒருநாளும் வரவில்லை. நானும் ஏழு மாதம் டிவியே பார்க்கவில்லை.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. கவிதா என்று பெயர், கைக்குழந்தைக்காரி. புருசன் லோரி ஓட்டுகிறான். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மகன்தான் பிடிவாதமாகச் சேகரை அனுப்பினான். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே நீளமான சாதாரண ஏரியலைக் கொண்டுவந்தார்.

"இங்க ஒளிபரப்புக் கோபுரம் அவ்வளவு தூரம் இல்லக்கா. செம்பனைதான் மறைக்குது. உயரமா ஏத்தி, நேரா திருப்பி, நல்ல ஒயரா ஒட்டு இல்லாம இழுத்தா பூஸ்டரே வேணாம். பூஸ்டர் நல்ல சிக்னலோட இரைச்சலயும் சேத்துப் பெருக்கும். பலம் கூடும், தரம் கூடாது."

நீங்கள் அன்று சொன்னதைத்தான் சொன்னார். எனக்கு ஒன்று, கவிதாவுக்கு ஒன்று, தனித்தனியாக மாட்டச் சொன்னேன்.

இன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் வந்த நாளிலிருந்து தினமும் போகிறேன். கூப்பிட்டால் பதில் குரல் கொடுப்பாள்தான். ஆனால் குரல் எனக்குப் போதாது. அவள் முகத்தைப் பார்க்கும் வரை கிரில்லைப் பிடித்துக்கொண்டே நிற்பேன்.

"என்னக்கா, படம் நல்லா வருதா?" என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னும் போடல."

"அப்புறம் என்னக்கா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. இப்படி வெளிச்சத்துல வந்து நில்லு."

சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். குழந்தையின் காலைத் தொட்டேன். சூடாக இருந்தது. அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டேன், அக்கா.